எல்.ஐ.சி. கட்டடமும் நம் கரையோரத்துப் பில்லர்களும்: ஒரு நிகழ்வு ஆய்வு

இராமநாதபுரம் மாவட்டத்தில், கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் நடுவில், கடலில் இருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு மூன்று மாடி அலுவலகக் கட்டடம் இருக்கிறது. 1998-இல் கட்டியது. 2021-இல் அதன் சொந்தக்காரர் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, சன்ஷேடுல காரை பேந்து பேந்து விழுது. பூசிப் பூசிப் பாக்குறோம், நிக்க மாட்டேங்குது. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க" என்றார்.

போனேன். முகப்பெல்லாம் புது வெள்ளை அடித்துப் பளிச்சென்று இருந்தது. படிக்கட்டை ஒட்டிய மூலைப் பில்லரைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். நல்ல காங்கிரீட் என்றால் 'ணங்' என்று கேட்கும். இது 'தொப்' என்றது. உளியை வைத்து இரண்டு தட்டு தட்டியதும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பத்தை கழன்று கையோடு வந்தது. உட்புறம் முழுக்கச் செம்மண் நிறம். வளையக் கம்பி ஒரு இடத்தில் அற்றே போயிருந்தது. மெயின் கம்பியை நகத்தால் சுரண்டினேன், ஏடு ஏடாக உரிந்தது. அந்தப் பத்தையின் கனத்தை ஸ்கேல் வைத்து அளந்தேன். கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவில் இருந்த காங்கிரீட் அவ்வளவுதான்: 12 மில்லிமீட்டர்.

சொந்தக்காரர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "மெட்ராஸ்ல எல்.ஐ.சி. கட்டடம் நான் பிள்ளையா இருக்கும்போது கட்டுனது. அதுவும் காங்கிரீட்தானே? தீப்புடிச்சு எரிஞ்சும் நிக்கிது. என் கட்டடத்துக்கு இருபத்தி மூணு வயசுதான் ஆகுது. எங்க தப்பாச்சு?"

அந்தக் கேள்விக்கு அன்று பாதிப் பதில்தான் சொன்னேன். முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன். நம் கரையில் வீடு, கடை, அலுவலகம் என்று கட்டப்போகிற எல்லோருக்கும் அந்தக் கேள்வி உரியது.

முதலில் அண்ணா சாலை

சென்னை அண்ணா சாலையில், அதாவது பழைய மவுண்ட் ரோட்டில், நிற்கும் எல்.ஐ.சி. கட்டடம் தொடங்கும்போது எல்.ஐ.சி. என்று ஒரு நிறுவனமே கிடையாது. யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்காக 1953-இல் அதற்கு வேலை தொடங்கியவர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். 1937-இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியவரும் அவர்தான். செட்டிநாட்டுக்காரர். அந்தக் காலத்தில் செட்டிநாடு பழைய இராமநாதபுரம் மாவட்டத்துக்குள் இருந்தது என்பதால், மெட்ராஸின் முதல் வானளாவியை நினைத்தவர் நம் மாவட்டத்துக்காரர் என்று சொல்லிக்கொள்ள எனக்குப் பெருமைதான். அவர் அதைக் கண்ணால் பார்க்கவில்லை. 1954-இல் சிங்கப்பூரில் நடந்த விமான விபத்தில் இறந்துபோனார். 1956-இல் காப்பீட்டுத் தொழில் நாட்டுடைமை ஆனது, பாதியில் நின்ற கட்டடமும் எல்.ஐ.சி.யின் கைக்குப் போனது.

வரைபடம் போட்டவர்கள் லண்டனைச் சேர்ந்த பிரவுன், மௌலின் என்ற கட்டடக் கலைஞர்கள். பிரவுன் 1957-இல் விலகியதும், மெட்ராஸின் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர் எல்.எம். சித்தாலே வேலையை எடுத்து முடித்தார். 1959 ஆகஸ்ட் 23 அன்று, அப்போதைய நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் திறந்துவைத்தார். உயரம் 177 அடி. இந்தியாவிலேயே உயரமான கட்டடமாக அது 1961 வரை இருந்தது. மாடிக் கணக்கை ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். பதினாலு என்பார்கள், பதினைந்து என்பார்கள், தரைத்தளத்தைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதுதான் தகராறு.

எங்கள் மாமா கொத்தனார். அறுபதுகளில் போட் மெயில் இரயிலில் ஏறி எழும்பூர் போய், அங்கிருந்து நடந்தே மவுண்ட் ரோட்டுக்குப் போய் அதைப் பார்த்துவிட்டு வந்தார். ஊரில் எல்லோரும் உயரத்தைக் கேட்டார்களாம். இராமேசுவரம் கிழக்குக் கோபுரம் 126 அடி என்று தெரியும், அதைவிட உயரமா என்று கேட்டார்களாம். மாமாவுக்கு உயரம் பெரிதாகப் படவில்லை. "செவுத்துல பாரமே இல்லடா. தூணும் உத்தரமும் தாங்குது, செவுரு சும்மா மறைப்பு" என்று கடைசிக் காலம் வரை சொல்லிக்கொண்டிருந்தார். கொத்தனாரின் கண் அது. அதுவரை அவர் கட்டியதெல்லாம் கனத்த சுவர்கள், சுண்ணாம்புக் காரை. மேலே போகப் போகச் சுவர் பாரம் கூடும், அதனால் அடியில் சுவர் தடிக்கும். அந்தக் கணக்கையே மாற்றிப்போட்டது காங்கிரீட் சட்டகம். எல்.ஐ.சி. கட்டடத்தைத் தமிழ்நாடே பார்த்தது, சினிமாவில் பட்டணம் என்றால் அதைத்தான் காட்டினார்கள். அதற்கப்புறம் ஒரு தலைமுறைக்குள் எங்கள் கரை வரைக்கும் பில்லரும் பீமும் வந்து சேர்ந்தன.

சரி, தீக்கு வருவோம். 1975 ஜூலை 11 அன்று அந்தக் கட்டடத்தில் பெருந்தீ பிடித்தது. உள்ளே பெருஞ்சேதம். ஆனால் சட்டகம் விழவில்லை. பழுது பார்த்தார்கள், மறுபடி அலுவலகம் ஆக்கினார்கள். இன்றைக்கும் அங்கே ஆட்கள் வேலைக்குப் போய் வருகிறார்கள்.

இது ஏன் பெரிய விஷயம் என்று தெரிய அக்கம்பக்கத்தைப் பார்க்க வேண்டும். அதே சாலையில் பழைய ஸ்பென்சர் கடைக் கட்டடம் எண்பதுகளின் தொடக்கத்தில் தீயில் போனது. அந்த இடத்தில் இப்போது இருக்கும் ஸ்பென்சர் பிளாசா முற்றிலும் வேறு கட்டடம். சென்ட்ரல் பக்கத்தில் இருந்த மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்தது, திரும்பி வரவே இல்லை. அண்ணா சாலையில் 1904-இல் இருந்து நிற்கும் ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடை நல்லபடியாக இருக்கிறது, பார்க்கும்போதெல்லாம் மனம் குளிர்கிறது. எனக்கு வலிப்பது பாரத் இன்சூரன்ஸ் கட்டடம். 1897-இல் கட்டிய சிவப்பு அழகு. அதுவும் எல்.ஐ.சி.க்குச் சொந்தமானதுதான். 2006-இல் இடிக்கத் தொடங்கியபோது பாரம்பரிய ஆர்வலர்கள் நீதிமன்றம் போனார்கள், சென்னை உயர் நீதிமன்றம் காப்பாற்றச் சொன்னது. இடிபடாமல் தப்பியது. ஆனால் ஆள் புழங்காத கட்டடத்தை மழையும் ஆலஞ்செடியும் எடுத்துக்கொள்ளும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். எல்.ஐ.சி. கட்டடத்தில் எரிந்த பிறகும் ஆட்களுக்கு வேலை இருந்தது. அதனால் பழுது பார்த்தார்கள்.

தீயும் உப்பும் ஒரே வழியாகத்தான் வருகின்றன

காங்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. இழுப்பைத் தாங்கத்தான் உள்ளே கம்பி. ஆக, காங்கிரீட் கட்டடத்தின் உயிர் கம்பியில் இருக்கிறது. கம்பிக்கு இரண்டு எதிரிகள், சூடும் துருவும்.

கம்பி சுமார் 550 டிகிரி செல்சியசுக்குச் சூடேறினால் தன் பலத்தில் ஏறக்குறைய பாதியை இழக்கும். தீப்பிடித்த அலுவலகத்தில் அந்தச் சூடு சீக்கிரம் வந்துவிடும். ஆனால் காங்கிரீட் சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். கம்பியை மூடியிருக்கும் காங்கிரீட் எவ்வளவு கனமோ அவ்வளவு நேரம் கம்பி தப்பிக்கும். அந்த மூடலைத்தான் நம் வேலையாட்கள் 'கவர்' என்று சொல்வது. தீயில் மேல்காரை வெடித்து உதிர்ந்தாலும், உள்ளே கம்பி சூடேறும் முன் தீ அடங்கிவிட்டால் சட்டகம் பிழைக்கும். அப்புறம் உதிர்ந்ததைக் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி மூடிக்கொள்ளலாம்.

உப்பும் இதே மூடலைத்தான் கடந்து வர வேண்டும். நல்ல காங்கிரீட் கடும் காரத்தன்மை உள்ளது. அந்தக் காரத்தில் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலம் உண்டாகிக் காவல் காக்கும். உப்பில் இருக்கும் குளோரைடு அதுவரை போய்ச் சேர்ந்ததும் அந்தப் படலம் உடையும். துரு தொடங்கும். துரு, தான் தின்ற இரும்பைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். உள்ளே இடம் ஏது? காங்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். கம்பியின் நீளத்துக்கே ஒரு விரிசல் ஓடினால் உள்ளே துரு பழுத்துவிட்டது என்று பொருள். விரிசல் வழியாக இன்னும் காற்றும் ஈரமும் போகும். மேலே பூசுவதால் எதுவும் நிற்காது, துருவை மறைக்கத்தான் செய்யும். சொந்தக்காரர் பூசிப் பூசிப் பார்த்தும் நிற்காததற்குக் காரணம் இதுதான்.

எல்.ஐ.சி. கட்டடத்துக்கும் கடல் அருகில்தானே என்று கேட்கலாம். மெரினாவில் இருந்து நேர்க்கோட்டில் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் வரும், நடுவில் கட்டடங்களும் மரங்களும் நிறைய. நாம் பேசும் கட்டடத்துக்கும் கடலுக்கும் நடுவில் நாலு பனைமரம்தான். ஆடிக் காற்றில் சன்னல் கண்ணாடியை விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். அந்த உப்பு வருடம் முழுக்கப் பில்லரில் படிந்துகொண்டே இருக்கிறது.

இதெல்லாம் அரசாங்கத் தரத்தில் இல்லாத விஷயமும் இல்லை. காங்கிரீட் வேலைக்கான ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரத்தின் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு, கடலோரச் சூழலைக் 'கடுமை' என்ற வகையில் வைத்து 45 மில்லிமீட்டர் கவரும் எம்-30 காங்கிரீட்டும் கேட்கிறது (எம் பக்கத்து எண் கூடக் கூடக் காங்கிரீட்டின் பலம் கூடும்). அலைத் தூவானம் படுகிற இடம் என்றால் 50 மில்லிமீட்டர், எம்-35. அதற்கு முந்தைய 1978 பதிப்பே பில்லரின் மெயின் கம்பிக்கு 40 மில்லிமீட்டர் சொன்னது. 1998-இல் கட்டிய அந்தப் பில்லரில் இருந்தது 12.

எங்கே தப்பாச்சு

அந்தக் கட்டடத்தில் வேலை பார்த்த கொத்தனார் இன்றும் இருக்கிறார். வயதானவர். நேரில் போய்ப் பார்த்தேன். கம்பி பலகையோடு ஒட்டாமல் இடைவெளி விட வைக்கும் சிறு கட்டைக்குக் கவர் பிளாக் என்று பெயர். அதைப் பற்றி ஒளிக்காமல் சொன்னார். "அப்ப கவர் பிளாக்னு யாருண்ணே வெச்சா? ஜல்லிய முட்டுக் குடுத்து வெப்போம். காங்கிரீட்டு போடுறப்ப ஏறி மிதிச்சா கம்பி போய்ப் பலகையோட ஒட்டிக்கும்." பில்லர் பெட்டிக்குள் கம்பிக்கூடு ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றிருக்கிறது. அதனால் ஒரே பில்லரில் கடல் பக்கம் 12 மில்லிமீட்டரும் மறுபக்கம் அறுபதுக்கு மேலும் இருந்தது. மறுபக்கத்துக் கம்பி இன்றைக்கும் நீலம் பாரித்தபடி புதிதாக இருக்கிறது. ஒரே நாளில், ஒரே கலவையில், ஒரே கொத்தனார் போட்ட பில்லர்.

தண்ணீர் இரண்டாவது காரணம். கலவைக்குக் கட்டடத்து மனையிலேயே தோண்டிய கிணற்றுத் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள். கரிக்கிற தண்ணீர். கம்பி போட்ட காங்கிரீட்டுக்கான தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது தரம். கடல்நீரில் அது ஏறக்குறைய 19,000. கரையோரத்துக் கிணறு இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயும் இருக்கலாம். பரிசோதிக்காமல் ஊற்றினால், வெளியில் இருந்து உப்பு வர இருபது வருடம் காத்திருக்கவே வேண்டாம், முதல் நாளே உள்ளே வைத்துப் பூசியாகிவிட்டது.

இதைச் சொல்லும்போது எனக்கே தொண்டை அடைக்கும். மணலில் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றி வளர்ந்த ஊர்கள் இவை. காவிரித் தண்ணீர் வராத நாளில் ஒரு குடத்துக்குப் பணம் கொடுத்து வாங்கும் வீட்டுக்காரரிடம் போய், காங்கிரீட் கலக்கவும் போட்டபின் நனைத்து வைக்கவும் நல்ல தண்ணீர் லாரி சொல்லுங்கள் என்று எப்படிச் சொல்வது? ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். செலவு கம்மி பண்ண வேறு இடம் இருக்கிறது. டைல்ஸில் குறைக்கலாம், முகப்பு அலங்காரத்தில் குறைக்கலாம், ஒரு அறையைப் பிற்பாடு கட்டலாம்.

மணலைப் பற்றி ஒரே வரி: கடற்கரை மண் கலவைக்கு ஆகாது, ஒரு கூடை கூட.

இரும்பு இல்லாத கட்டடம், இரும்பே ஆன பாலம்

அந்தச் சொந்தக்காரர் இன்னொன்றும் சொன்னார், நியாயமான பேச்சு. "தனுஷ்கோடியில அந்தச் சர்ச்சுச் செவுரு இன்னும் நிக்கிதே, அது எப்படி?" 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் ஊரையும் இரயிலையும் கொண்டுபோனது. கூரைகள் போயின. சர்ச்சின் சுவரும் இரயில் நிலையத்தின் மிச்சமும் அறுபது வருடம் தாண்டியும் நிற்கின்றன. முருகைக்கல்லும், அதாவது கடல் பவளக்கல்லும், சுண்ணாம்பும் கொண்டு கட்டியவை. பக்கத்தில் போய்ப் பார்த்தால் சுவருக்குள் மூளை மடிப்பு மாதிரியும் பூ மாதிரியும் பவளத்தின் கோலம் அப்படியே தெரியும். அந்தச் சுவரில் துருப்பிடிக்கக் கம்பி இல்லை. உப்பு அதையும் அரிக்கிறது, ஆனால் மணிமணியாக உதிர்த்து அரிக்கிறது. உள்ளே இருந்து வெடிக்க வைப்பதில்லை.

அதற்காக மறுபடி முருகைக்கல்லுக்குப் போக முடியாது, போகவும் கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் நீருக்குள் போய்விட்டன, வருடக்கணக்காகப் பவளப்பாறையை வெட்டி எடுத்ததற்கு அதில் பெரும்பங்கு உண்டு. இப்போது பவளத்தை எடுப்பது சட்டப்படி குற்றம். நம் கரையைக் காப்பது அந்தப் பாறைகள்தான்.

இரும்பை உப்புக் காற்றில் எப்படி வைத்துக்கொள்வது என்பதற்குப் பாம்பன்தான் பாடசாலை. 1914-இல் திறந்த பழைய இரயில் பாலம் கடலுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட தூண்களின் மேல் முழு இரும்பாக நின்றது. 1964 புயலில் பாலத்தின் இரும்புச் சட்டங்களை அலை அடித்துக்கொண்டு போனது. கடலுக்குள் கிடந்தவற்றைத் தேடி எடுத்து, இளம் பொறியாளராக இருந்த ஈ. ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாளில் பாலத்தை மறுபடி ஓட வைத்தார்கள். அதற்குப் பிறகும் 2022 டிசம்பர் வரை அதில் இரயில் போனது. நூற்றாண்டுக்கு மேல் அந்த இரும்பு எப்படி இருந்தது? சுரண்டுவதும் பெயிண்ட் அடிப்பதும் ஓயாமல் நடந்தது. பாம்பனில் பாலத்து வேலைக்குப் போகாத ஆள் உண்டா? ஒரு முனையில் இருந்து மறுமுனைக்கு அடித்து முடிப்பதற்குள் முதல் முனையில் மறுபடி தொடங்க வேண்டியிருக்கும் என்று அவர்கள் சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான். 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதுப் பாலத்தில், கப்பலுக்கு வழிவிட 72.5 மீட்டர் நீளப் பகுதி அப்படியே 17 மீட்டர் மேலே ஏறும். எல்லோரும் அதைத்தான் வீடியோ எடுக்கிறார்கள். எனக்கு அதன் காங்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டிருப்பதும், இரும்பின் மேல் பாலிசிலாக்சேன் என்ற தனிப் பூச்சு அடித்திருப்பதும்தான் பெரிதாகப் படுகிறது. இந்தக் காற்றின் குணம் தெரிந்தவர்கள் செய்த வேலை.

என்ன செய்தோம்

கட்டடத்துக்கு வருகிறேன். மொத்தம் பன்னிரண்டு பில்லர். எல்லாவற்றையும் தட்டிப் பார்த்து, சாக்பீஸால் குறி போட்டோம். கடல் பக்கத்து நான்கும் மோசம். இரண்டு சந்தேகம். மீதி ஆறு தேறும். மேல் மாடியில் இருந்த பழைய பேப்பர் மூட்டைகளையும் இரும்புப் பீரோக்களையும் முதல் நாளே இறக்கச் சொன்னேன். பாரம் குறைவதே பாதி வைத்தியம்.

பீமுக்கு ஜாக்கி வைத்து முட்டுக் கொடுத்தோம். ஒவ்வொரு பில்லராகத்தான் தொட வேண்டும், இரண்டைச் சேர்த்துத் திறக்கக் கூடாது. செத்த காங்கிரீட்டைக் கம்பிக்குப் பின்னால் விரல் நுழைகிற அளவு வரை கொத்தி எடுத்தோம். இதைத்தான் நிறைய இடத்தில் செய்வதில்லை. முன்பக்கம் மட்டும் சுரண்டிவிட்டுப் பூசினால் பின்பக்கத்துத் துரு இரண்டே மழையில் மறுபடி தள்ளிவிடும். கம்பியைப் பளபளக்கும் வரை சுத்தம் செய்து, துருத் தடுப்புப் பூச்சு அடித்து, மெலிந்துபோன கம்பிகளுக்குத் துணைக் கம்பி கட்டி, நாலு பக்கமும் புதுக் காங்கிரீட்டால் உறை போட்டோம். கவர் 50 மில்லிமீட்டர். தண்ணீர் லாரியில் வந்தது. பில்லர் பழைய அளவைவிடத் தடித்துப்போனதில் வாசலில் நாலு விரல் இடம் குறைந்தது. அதற்கு மட்டும் அவர் முகம் சுளித்தார், அப்புறம் சரியென்றுவிட்டார்.

சன்ஷேடுகளைக் காப்பாற்ற முடியவில்லை. அறுத்து எடுத்துவிட்டு, தகரச் சாய்ப்பு போட்டோம்.

வருடத்துக்கு ஒருமுறை, புரட்டாசியில் மழைக்கு முன்னால், போய்த் தட்டிப் பார்க்கிறேன். போன வருடமும் நாலு பில்லரும் 'ணங்' என்றுதான் கேட்டன. சந்தேகத்தில் வைத்திருந்த இரண்டில் ஒன்றில் மயிரிழை அளவுக்கு விரிசல் தெரிகிறது. பென்சிலால் இரண்டு முனையிலும் கோடு போட்டுத் தேதி எழுதியிருக்கிறேன்.

இப்போது அந்தச் சொந்தக்காரரின் மகன் மண்டபம் பக்கத்து வேதாளையில் வீடு கட்டுகிறார். போன வாரம் பில்லருக்குக் கம்பி கட்டினார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் பெரியவர் அங்கே குத்தவைத்து உட்கார்ந்து, கம்பிக்கூட்டில் கட்டியிருந்த கவர் பிளாக்குகளை ஒவ்வொன்றாக விரலால் ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் அண்ணனை, மூத்தவரைக் 'காக்கா' என்று கூப்பிடுவார்கள். கம்பி கட்டுகிற பையன் சிரித்தபடி, "காக்கா, எல்லாம் அம்பதுதான், அளந்தாச்சு" என்றான்.

"அளந்துட்டே சரி. கடல் பக்கம் இன்னும் ரெண்டு சேத்துக் கட்டு. மிதிக்கும்போது சாயும்" என்றார் அவர்.